இருந்தாற் கொள்க, இன்றேல் விடுக
மென்பொருள் நிறுவலில் விருப்பக் கருவிகள் பற்றிய ஒரு விளக்கம்

ஒரு பொருளைச் செய்வது ஒரு தொழில். செய்த பொருளைப் பிறர் கையிற் பழுதின்றிச் சேர்ப்பது மற்றொரு தொழில். முன்னதைப் பற்றிப் பேசுவார் பலர்; பின்னதைப் பற்றி எண்ணுவார் சிலரே. கணினிக்குச் செய்நிரல் எழுதுந் துறையிலும் இந்நிலையே காணப்படுகின்றது. செய்நிரல் எழுதும் முறையை மாணவர் வகுப்பிலே கற்கின்றனர். எழுதியதை மற்றொருவர் கணினியில் நிறுவும் முறையையோ பெரும்பாலும் பிழைவிட்டுப் பிழைவிட்டே கற்கின்றனர். நாமும் அவ்வாறே கற்றோம். கல்லூரி விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலராசிரியர் கேட்டபோது, பழைய நினைவுகளை மீட்டு எழுதுவதிலும், தொழிலில் நாம் கண்ட ஒரு சிறு விடயத்தை இன்றைய மாணவர்க்கு விளக்கியுரைத்தல் பயனுடைத்து எனக் கருதினோம்.

நம் நாட்டிலே க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர் பைதன் என்னும் செய்நிரல் மொழியை அறிவர். நெதர்லாந்து நாட்டவராகிய கீடோ வான் றொஸம் என்பவர் 1989ஆம் ஆண்டின் இறுதியில் ஆக்கத் தொடங்கி, 1991இல் உலகுக்கு அளித்த மொழி அது. அம்மொழியில் எழுதப்பட்ட மென்பொருளை நிறுவுதற்கென வழங்கிய கட்டளைக் கோப்புகளிலே, பல்லாண்டுகளாக ஒரு நான்கு வரி இடம்பெற்று வந்தது. ‘இன்ன கருவி இருந்தால் அதனைக் கொள்க, இன்றேல் பழைய கருவியைக் கொள்க’ என்பதே அந்நான்கு வரியின் பொருள். பார்வைக்கு இஃது எளிய வாசகம், இரக்கமுள்ள வாசகமுமாம். ஆயினும் அதனுள்ளே மறைந்து கிடந்த இடர் ஒன்று, குற்றமற்ற ஒருவர்மீது பழி சுமத்தியதை நாம் நேரிற் கண்டோம். அதனை விளக்குதற்கு முன், அவ்வரிகள் தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

பொதியும் நிறுவற் கோப்பும்

செய்நிரல் ஒன்று பெரும்பாலும் ஒரு கோப்பில் அடங்குவதில்லை. பல கோப்புகள், அவற்றுக்கு வேண்டிய தரவுகள், சில வேளைகளில் சீ மொழியில் எழுதி இயந்திர மொழிக்கு மாற்றவேண்டிய பகுதிகள் ஆகிய யாவும் சேர்ந்தே ஒரு மென்பொருளாகும். இவற்றை ஒருங்கு கட்டிய கட்டினைப் பொதி என்பர். பொதியைப் பெற்றவர் அதனை அவிழ்த்து, ஒவ்வொரு கோப்பையும் கணினியில் உரிய இடத்தில் வைத்தல்வேண்டும். இவ்வேலையை மனிதர் கையாற் செய்யாது கணினியே செய்யுமாறு எழுதப்படுவது நிறுவற் கோப்பு. பைதன் உலகில் அதற்குச் செற்றப் என்பது பெயர். அதுவும் பைதன் மொழியிலேயே எழுதப்பட்ட ஒரு செய்நிரல் என்பதை வாசகர் மனத்திற் கொள்க. பின்னே வரும் இடர்ப்பாட்டுக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

தொடக்கத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் தத்தமக்குத் தோன்றிய முறையில் இவ்வேலையைச் செய்தனர். இதனை ஒழுங்குபடுத்தும் முயற்சி 1998இல் தொடங்கிற்று. கிறெக் வார்ட் என்பவர் முன்னின்று ஆக்கிய டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் கருவித் தொகுதி, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பைதன் 1.6, 2.0 ஆகிய பதிப்புகளில் மொழியோடு உடன் வழங்கப்பட்டது. அது பெரியதொரு நன்மை. பைதன் உள்ள இடமெல்லாம் அக்கருவியும் உண்டு என ஆசிரியர் நம்பி எழுத இயன்றது. பின்னர் 2003ஆம் ஆண்டளவில் பைதன் பொதிச் சுட்டி என்னும் பொதுக் களஞ்சியமும் இணையத்தில் உருவாயிற்று.

எனினும் டிஸ்ட்யூட்டில்ஸ் ஒரு முக்கியமான வேலையைச் செய்யவில்லை. ஒரு பொதி இயங்குதற்குப் பிறிதொரு பொதி வேண்டுமாயின், அத்தேவையைக் குறித்துவைக்க அதில் இடமிருந்தது. குறித்ததைக் கொணர்ந்து சேர்க்கும் ஆற்றல் இருக்கவில்லை. சமையலுக்கு வேண்டிய சாமான்களின் பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, கடைக்குப் போவாரின்றி அடுப்பை மூட்டியது போன்ற நிலை அது.

இக்குறையை நிரப்ப வந்தது செற்றப்டூல்ஸ். பிலிப் ஈபி என்பவர் ஆக்கிய இத்தொகுதி 2004ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. தேவைப்படும் பொதிகளின் பெயர்களை ஆசிரியர் நிறுவற் கோப்பில் எழுதிவிட்டால், இக்கருவி களஞ்சியத்துக்குச் சென்று அவற்றைத் தானே கொணர்ந்து நிறுவும். பயனர் ஒரு சொல்லைத் தட்டினால் செய்நிரல் இயங்குமாறு கட்டளைகளை ஆக்கித் தருதல் போன்ற வேறு வசதிகளும் அதில் இருந்தன. இவையாவும் டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் அத்திவாரத்தின்மேற் கட்டப்பட்ட மேல்மாடியாகவே அமைந்தன.

ஆனால் செற்றப்டூல்ஸ் பைதன் மொழியோடு உடன் வழங்கப்படவில்லை. பைதனின் புதிய பதிப்பு ஏறக்குறைய பதினெட்டு மாதங்களுக்கு ஒருமுறையே அந்நாளில் வெளிவந்தது. தனியே வளர்ந்த கருவியோ தன் விருப்பம்போல் விரைந்து திருந்த இயன்றது. அவ்விரைவு நன்மையே. அதற்கு ஈடாக, சில கணினிகளில் செற்றப்டூல்ஸ் இருந்தது, சிலவற்றில் இல்லை. பொதியை எழுதும் ஆசிரியருக்கு, தம் வாசகரிடம் அது உண்டா இல்லையா என்பதை முன்னரே அறிய வழியில்லை.

நான்கு வழிகள்

இந்நிலையில் ஆசிரியர் முன்னே நான்கு வழிகள் இருந்தன. முதலாவது, பழைய டிஸ்ட்யூட்டில்ஸை மட்டும் நம்பி, புதிய வசதிகளை முற்றாகத் துறத்தல். இரண்டாவது, செற்றப்டூல்ஸ் கட்டாயம் வேண்டும் என எழுதி, அஃது இல்லாதவரிடத்துப் பிழைச் செய்தியோடு நின்றுவிடுதல். மூன்றாவது, செற்றப்டூல்ஸ் இல்லாவிடின் அதனையே இணையத்திலிருந்து இறக்கித் தரும் சிறு கோப்பு ஒன்றைப் பொதியோடு சேர்த்து அனுப்புதல். இணைய வசதியில்லாத இடங்களில் இது பயன்படாது. பயனரைக் கேளாமல் அவர் கணினியில் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது முறையோ என்ற வினாவும் எழுந்தது. நான்காவது வழியே நாம் முன்னர்க் குறித்த நான்கு வரிகள்.

பைதன் மொழியில் ‘ட்ரை’ என்றால் முயன்று பார் என்பது பொருள். ‘எக்ஸெப்ட்’ என்றால் முயற்சி தவறின் இதனைச் செய் என்பது பொருள். செற்றப்டூல்ஸிலிருந்து நிறுவற் செயலைக் கொணர முயல்க என்பது முதலிரு வரிகள். கொணர்தல் தவறின் டிஸ்ட்யூட்டில்ஸிலிருந்து அதே பெயருள்ள செயலைக் கொணர்க என்பது ஏனைய இரு வரிகள். இரு கருவிகளிலும் அச்செயலின் பெயர் ஒன்றே ஆதலின், கீழேயுள்ள பகுதியை மாற்றவேண்டுவதில்லை. பொதியின் பெயர், பதிப்பு எண், ஆசிரியர் பெயர், தேவைப் பட்டியல் ஆகிய யாவும் அப்படியே இரு கருவிகளுக்கும் ஒப்படைக்கப்படும்.

இவ்வழி பெருவழக்காயிற்று. கருவியில்லாதவரையும் வாயிலில் தடுத்து நிறுத்தாத விருந்தோம்பல் அதிற் காணப்பட்டது. கற்றோர் பலர் எழுதிய பொதிகளில் அவ்வரிகளைக் கண்ட இளையோர், அவற்றைப் பார்த்துத் தம் கோப்பில் எழுதிக்கொண்டனர். நாமும் அவ்வாறு எழுதிக்கொண்டவரே.

நாம் கண்ட நிகழ்ச்சி

2012ஆம் ஆண்டில், ஒரு சிறு நூலகத்துக்கென நூற்பட்டியற் செய்நிரல் ஒன்றை எம் வகுப்புத் தோழர் ஒருவரோடு சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். நூல் இரவல் கொடுத்தல், திரும்பப் பெறுதல், தவணை கடந்த நூல்களின் பட்டியலை மாத முடிவில் அச்சிடுதல் ஆகியன அதன் வேலைகள். அச்சுப் பக்கத்தை வரைதற்கு, பிறர் எழுதி இலவசமாக வழங்கிய பொதி ஒன்றைப் பயன்படுத்தினோம். அத்தேவையை எமது நிறுவற் கோப்பில் ஒழுங்காகக் குறித்தும் இருந்தோம். மேலே அந்நான்கு வரிகளும் இருந்தன.

எம் கணினியில் செற்றப்டூல்ஸ் இருந்தது; நிறுவிப் பார்த்தபோது யாவும் செம்மையாக நடந்தன. நூலகத்துக் கணினியிலோ பைதன் இருந்தது, செற்றப்டூல்ஸ் இல்லை, இணையத் தொடர்பும் இல்லை. நாம் எழுதியனுப்பிய குறிப்பைப் பார்த்து அந்நூலகத்து அலுவலரே செய்நிரலை நிறுவினார். அவர் ஓய்வுபெறும் வயதை அண்மியவர். கணினியைப் பிற்காலத்திலேயே பழகியவர். ஆனால் ஒவ்வொரு படியையும் கொப்பியில் எழுதிவைத்துச் செய்யும் கவனமுடையவர். செற்றப்டூல்ஸ் இல்லாமையால் எமது கோப்பு ஓசையின்றிப் பழைய கருவிக்கு மாறிற்று. பழைய கருவி தேவைப் பட்டியலைக் கண்டது. அஃது இன்னதென அதற்கு விளங்கவில்லை. அறியாத விருப்பக் குறிப்பு ஒன்று உளது என ஒரு வரி எச்சரிக்கையை முதலில் எழுதிவிட்டு, கோப்புகளை ஒவ்வொன்றாகப் படியெடுக்கத் தொடங்கிற்று. பின்வந்த வரிகள் அவ்வெச்சரிக்கையைத் திரையிலிருந்து மேலே தள்ளிவிட்டன. முடிவில் பிழையெதுவும் காட்டப்படவில்லை. நிறுவல் நிறைவேறியது என்றே அவர் கொப்பியில் எழுதினார். அவ்வாறு எழுதியது முற்றிலும் நியாயமே.

இரவல் கொடுத்தலும் பெறுதலும் நன்றாக நடந்தன. மாத முடிவில் பட்டியலை அச்சிட முனைந்தபோதுதான், அச்சுப் பக்கத்தை வரையும் பொதி இல்லை என்று செய்நிரல் நின்றது. மறுநாட் காலையில் ஒரு கூட்டத்துக்கு அப்பட்டியல் வேண்டியிருந்தது. அலுவலர் இரவு நெடுநேரம் இருந்து கையால் அதனை எழுதி முடித்தார். அடுத்த நாள் தொலைபேசியில் எம்மை அழைத்து, “தம்பி, நான்தான் எங்கேயோ பிழைவிட்டுவிட்டேன், கொப்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன், எந்த இடத்தில் பிழை என்று தெரியவில்லை” என்றார். அவருடைய மேலாளரும் அவர்மீதே குறைகூறியதாகப் பின்னர் அறிந்தோம்.

பிழை அவருடையதன்று, எம்முடையது. அதனை அறிய எமக்கும் இரண்டு நாட்கள் சென்றன. ஏனெனில் எம் கணினியில் அப்பிழை தோன்றவே தோன்றாது. காரணத்தைக் கண்டதும் நேரிற் சென்று அவரிடமும் மேலாளரிடமும் உண்மையைச் சொன்னோம்.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நூலகத்தில் செற்றப்டூல்ஸ் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இணையம் இல்லாமையால் தேவைப்பட்ட பொதியைக் கொணர இயலாது, நிறுவல் அவ்விடத்திலேயே பிழை காட்டி நின்றிருக்கும். நாம் கருவி கட்டாயம் வேண்டும் என இரண்டாம் வழியில் எழுதியிருந்தாலும் அவ்வாறே முதல் நிமிடத்தில் நின்றிருக்கும். அத்தடை அன்று அவருக்குச் சிறு தொல்லையாகவும், எமக்கு ஒரு தொலைபேசி அழைப்பாகவும் முடிந்திருக்கும். தடுக்காமல் வழிவிட்ட எமது விருந்தோம்பலே, அவரை மாதக் கடைசியில் நடுவழியிற் கொண்டுபோய் நிறுத்திற்று.

துருவலையும் தூக்குக்குண்டும்

விருப்பக் கருவி என்று நாம் வழங்கும் சொல் இருவேறு நிலைகளைக் குறிக்கின்றது. இவ்வேறுபாட்டை இரண்டு எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

வீட்டிலே துருவலை இருந்தால் தேங்காயைத் துருவுவர். இல்லையாயின் கத்தியாற் சீவிக் கொத்துவர். கை நோகும், நேரஞ் செல்லும், ஆயினும் சம்பல் சம்பலாகவே வரும். இங்கே துருவலை உண்மையாகவே விருப்பக் கருவி. அஃது இல்லாமையாற் குறைவது வசதி மட்டுமே.

மேசன் ஒருவர் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்ப்பார். தூக்குக்குண்டு இல்லாத நாளிற் கண்ணளவிலே கட்டினால் அன்றைக்குச் சுவர் எழும்பும், கூலியும் கொடுபடும். சுவரின் சரிவு கூரை போடும் நாளிலேதான் தெரியும். அந்நாளில் மேசன் வேறு வேலைக்குப் போயிருப்பார்; பழி கூரைபோட வந்த தச்சர்மேல் விழும். இங்கே தூக்குக்குண்டு விருப்பக் கருவியன்று. அதனை விருப்பக் கருவிபோல் நடத்தியதே பிழை.

செற்றப்டூல்ஸைச் சில பொதிகள் துருவலையாகப் பயன்படுத்தின. பிறிதொரு பொதியை வேண்டாத, தனித்து நிற்கும் சிறு பொதிகள் அவை. அவற்றுக்கு அந்நான்கு வரி மிகப் பொருத்தமாக அமைந்தது. எக்கருவியால் நிறுவினும் விளைவு ஒன்றே. வேறு பல பொதிகளுக்கோ, எமது பொதி உட்பட, அது தூக்குக்குண்டாக இருந்தது. தேவைப் பட்டியல் என்னும் வாக்குறுதி அக்கருவி வழியாகவே நிறைவேறத்தக்கது. கருவியை விருப்பத்துக்கு விட்டபோது, வாக்குறுதியையும் நாம் அறியாமலே விருப்பத்துக்கு விட்டுவிட்டோம்.

விருப்பத்தை நேர்மையாகக் கையாண்ட எடுத்துக்காட்டும் உண்டு. யாமல் என்னும் தரவு வடிவத்தை வாசிக்கும் பையாமல் என்ற பொதியை மாணவர் சிலர் அறிந்திருப்பர். சீ மொழியில் எழுதப்பட்ட லிப்யாமல் என்னும் விரைவான நூலகத்தோடு அது சேர்ந்து இயங்க வல்லது. அந்நூலகம் கணினியில் உண்டா என்று அதன் நிறுவற் கோப்பு தானே பார்க்கும்; இருந்தால் இணைத்துக்கொள்ளும்; இன்றேல் தூய பைதனில் எழுதிய பகுதியே வேலையைச் செய்யும். வேகம் குறையும்; வாசிப்பு நடைபெறும். அதனோடு, நூலகத்தைக் கட்டாயம் இணைத்தே தீரவேண்டும் எனவோ, இணைக்கவே வேண்டாம் எனவோ நிறுவுவோர் வெளிப்படையாகச் சொல்லுதற்குத் தனித்தனிக் கட்டளைச் சொற்களும் வைக்கப்பட்டன. டிஸ்ட்யூட்டில்ஸ் தொகுதியிலும், சீ மொழிப் பகுதி ஒன்றை விருப்பமானது எனக் குறித்தால், அப்பகுதியை ஆக்குதல் தவறினும் நிறுவலை நிறுத்தாது தொடரும் ஏற்பாடு பின்னாளிற் சேர்க்கப்பட்டது. விருப்பம் எதுவோ அதற்கு விருப்பம் என்றே பெயரிட்டு எழுதுதல் இவற்றிற் காணப்படும் சிறப்பாகும்.

மறைந்திருந்த வேறு இடர்கள்

அந்நான்கு வரிகளில் மேலும் இரண்டு இடர்கள் இருந்தன.

ஒன்று, ‘கொணர்தல் தவறின்’ என்ற நிபந்தனை எத்தவற்றையும் ஒன்றாகவே கருதிற்று. செற்றப்டூல்ஸ் கணினியில் அறவே இல்லாமை ஒரு நிலை. அஃது இருந்தும் அதன் உட்பகுதி ஒன்று பழுதுபட்டிருத்தல் வேறொரு நிலை. இரண்டிலும் எழுவது கொணர்தற் பிழையே. ஆதலின் பழுதுபட்ட கருவியை வைத்திருந்தவருக்குக் கருவி பழுது என்ற செய்தியே எட்டாது. கோப்பு அமைதியாகப் பழைய வழியிற் சென்றுவிடும். 2016ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த பைதன் 3.6இல், பொதியே காணப்படவில்லை என்பதற்கு எனத் தனியொரு பிழைப் பெயர் ஏற்பட்டது. எந்தப் பொதி காணப்படவில்லை என்பதையும் அதனிடம் கேட்டறியலாம். அதன் பின்னரும் பழைய வழக்கத்தையே பலர் தொடர்ந்தனர்.

மற்றொன்று, யார் அழைக்கின்றார் என்பதைப் பொறுத்து ஒரே கோப்பு வெவ்வேறாக நடந்தது. இயன் பிக்கிங் என்பவர் 2008இல் வெளியிட்ட பிப் என்னும் நிறுவி காலப்போக்கில் எங்கும் பரவிற்று. பிப் ஒரு நிறுவற் கோப்பை இயக்குமுன், தானே செற்றப்டூல்ஸைக் கொணர்ந்து வைத்துவிடும். ஆகவே பிப் வழியாக நிறுவியவருக்கு எப்போதும் புதிய வழி திறந்தது. கோப்பைத் தம் கையால் நேரே இயக்கியவருக்கோ, தம் கணினியின் நிலைக்கேற்ப ஏதோ ஒரு வழி திறந்தது. இருவரும் ஒரே பொதியை, ஒரே பதிப்பை நிறுவினர், விளைவுகள் வேறுபட்டன. 2014இல் வந்த பைதன் 3.4 முதலாகப் பிப் மொழியோடு உடன் வழங்கப்பட்டமையால் இவ்வேறுபாடு நடைமுறையிற் குறைந்தது, வேரோடு நீங்கவில்லை.

முன்னரே அறிவித்தல்

வேர் எங்கே இருந்தது? நிறுவற் கோப்பு தானே ஒரு செய்நிரல் என்று தொடக்கத்திற் கூறினோம். தனக்கு எக்கருவி வேண்டும் என்பதை அச்செய்நிரலை இயக்கினால் மட்டுமே அறியலாம். அக்கருவி இல்லாவிடின் அதனை இயக்கவே இயலாது. விதை முந்தியதா மரம் முந்தியதா என்ற பழைய வினாவின் மறுவடிவமே இது. ‘இருந்தாற் கொள்க, இன்றேல் விடுக’ என்னும் வாசகம் இவ்வினாவுக்கு விடையன்று; வினாவை எதிர்கொள்ளாது சுற்றிச் சென்ற பாதையே.

விடை 2016இல் வகுக்கப்பட்டது. பைதன் மேம்பாட்டு முன்மொழிவுகளில் 518ஆம் எண்ணுடைய ஆவணம், பைப்ரொஜெக்ட் என்னும் புதிய கோப்பொன்றை விதித்தது. அது செய்நிரலன்று, வெறும் குறிப்பேடு. இப்பொதியைக் கட்டுவதற்கு இன்னின்ன கருவிகள், இன்ன பதிப்பு முதலாக வேண்டும் என்பதை அதிற் சில வரிகளில் எழுதிவைத்தாற் போதும். நிறுவி முதலில் அக்குறிப்பை வாசிக்கும். வேண்டிய கருவிகளைத் தனியோர் இடத்திற் கொணர்ந்து வைக்கும். அதன் பின்னரே பொதியின் எந்தச் செய்நிரலையும் இயக்கும். 2018இல் வந்த பிப் பத்தாம் பதிப்பு இதனை நடைமுறைப்படுத்திற்று. 517ஆம் முன்மொழிவோ, பொதியைக் கட்டும் கருவி செற்றப்டூல்ஸாகவே இருத்தல்வேண்டும் என்னும் கட்டுப்பாட்டையும் நீக்கி, ஆசிரியர் தமக்கு உகந்த கருவியைத் தெரிந்து பெயர் சொல்ல இடமளித்தது. பிப் 2019ஆம் ஆண்டிலிருந்து அதனையும் ஏற்றுக்கொண்டது.

இங்கே நிகழ்ந்த மாற்றத்தை வாசகர் உற்று நோக்குக. தெரிவு செய்யும் உரிமை குறையவில்லை, கூடியிருக்கின்றது. ஆயின் அத்தெரிவைச் செய்பவர் மாறிவிட்டார். முன்னே, பயனர் கணினியில் எது தற்செயலாக இருந்ததோ அது தெரிவு செய்தது. இப்போது, பொதியை எழுதியவர் தெரிவு செய்து அதனை எழுதிவைக்கின்றார். கருவி கிடையாவிடின் நிறுவல் தொடக்கத்திலேயே நின்று, கிடையாதது எதுவெனப் பெயர் சொல்லுகின்றது.

பழைய வாயிலின் முடிவு

அந்நான்கு வரிகளின் கதை 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு முடிவுக்கு வந்தது. அம்மாதம் வெளிவந்த பைதன் 3.12 பதிப்பிலிருந்து டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டது. அது நீக்கப்படும் என்று 2021இல் வந்த 3.10ஆம் பதிப்பிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. இன்று செற்றப்டூல்ஸ் தன்னுள்ளே டிஸ்ட்யூட்டில்ஸின் படியொன்றை வைத்துக் காத்துவருகின்றது. ஒருகாலத்தில் மேல்மாடியாக இருந்தது அத்திவாரத்தையும் தன்னுள் எடுத்துக்கொண்டது எனலாம்.

ஆகவே அவ்வரிகளை இன்னும் தாங்கி நிற்கும் பழைய கோப்பு ஒன்றைச் செற்றப்டூல்ஸ் இல்லாத புதிய கணினியில் நேரே இயக்கினால், அது பழைய வாயிலைத் தேடிச் சென்று சுவரில் முட்டும். அப்போது திரையின் கடைசி வரி ‘டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் பொதி இல்லை’ என்று கூறும். கடைசி வரியை மட்டும் வாசிப்பவர் இல்லாத பழைய கருவியைத் தேடி அலைவார். அவருக்கு உண்மையில் வேண்டியது செற்றப்டூல்ஸ். அதன் பெயர் சில வரிகள் மேலே கிடக்கும். பைதன் 3.12 முதலாகப் புதிய மெய்நிகர்ச் சூழல்களில் செற்றப்டூல்ஸ் இயல்பாக நிறுவப்படுவதுமில்லை ஆதலின், இந்நிலையை மாணவர் எதிர்கொள்ளக்கூடும். எதிர்கொண்டால், பிழைச் செய்தியை மேலிருந்து கீழாக முழுவதும் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

மாணவர்க்குச் சில சொற்கள்

செய்நிரல் எழுதிப் பிறருக்குக் கொடுக்கப் புகும் மாணவர் மூன்றனை நினைவிற் கொள்வாராக. ஒரு கருவி இல்லாவிடினும் விளைவு மாறாதோ என்று முதலிற் கேட்க. மாறாதாயின் மாற்றுவழி வைத்தல் நன்று. மாறுமாயின் அதனைத் தேவையென்றே அறிவிக்க. மாற்றுவழி வைத்தால் எவ்வழியிற் சென்றோம் என்பதைப் பயனர் தவறாது காணுமாறு, தொடக்கத்திலும் முடிவிலும் தெளிவாகச் சொல்லுக. இரு வழி வைத்தவர் இரு வழியிலும் தாமே நடந்து பார்த்தல் வேண்டும். கருவியுள்ள தம் கணினியிற் சோதித்தது பாதிச் சோதனையே.

இவற்றுள் இறுதியாகக் கூறியதை நாம் செய்திருந்தால், அந்நூலகத்து அலுவலர் ஓர் இரவு கண்விழித்திருக்க வேண்டியதில்லை. அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “பிழை இன்னதென்று தெரிந்தது நல்லதாயிற்று, இனி வருவோருக்கும் சொல்லிவிடுங்கள்” என்றுமட்டும் சொன்னார். அச்சொல்லை நிறைவேற்றுதற்கு இவ்விழா மலர் நல்வாய்ப்பாயிற்று. நாம் எழுதும் செய்நிரல் எங்கோ ஒரு மேசையில், நாம் காணாத ஒருவர் கையில் வேலைசெய்யப் போகின்றது. அது நிற்கவேண்டியிருந்தால் முதல் அடியிலேயே, காரணத்தைச் சொல்லி நிற்கட்டும். அவ்வாறு எழுதுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.